கரடிக்குட்டி எங்கே?

"பொய்! அந்த ஆள் சொல்றது பச்சைப் பொய்!"

பெண்கள் பக்கத்து மணலிலிருந்து மேரிராணி டீச்சர் எழுந்து நின்று கத்தினாள்.

ஓசூர் டூரிங் கொட்டகையில் அது பன்னிரண்டாவது சனிக்கிழமை. மெயின் படத்துக்கு முன்னால் வாரம் ஒரு பாகமாக ஓடிய கார்ட்டூன் தொடர் அன்றைக்கு முடிந்தது. புயலில் தொலைந்த குட்டியைத் தேடி ஒரு கரடி தன்னந்தனியாகக் கப்பலோட்டும் கதை. சுறாவோடு சண்டை, எரிமலைத் தீவு, கடற்கொள்ளைக்காரர்கள் என்று ஊரே வாய் பிளந்து பார்த்தது.

படம் இங்கிலீஷ். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து கதை சொல்பவர் ராஜப்பன். "பாருங்க! நோடி! சூடண்டி!" என்று மூன்று பாஷையிலும் கூப்பிட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பிப்பார்.

கடைசிக் காட்சியில் கரடி ஒரு தீவில் இறங்கியது. அங்கே ஒரு மண்மேடு. அதன்மேல் நட்ட குச்சியில் குட்டியின் சிவப்புத் தொப்பி. கரடி மண்டியிட்டு அழுதது. என் பிள்ளை இங்கேதான் தூங்குகிறான் என்று இங்கிலீஷில் சொன்னது. பிறகு கப்பலேறித் தனியாகப் போய்விட்டது.

ராஜப்பன் மைக்கில் சொன்னதோ வேறு.

"குட்டி அடையாளத்துக்குத் தொப்பிய மாட்டிட்டு அடுத்த தீவுக்குப் போயிருக்குதுங்க! அப்பங்காரனுக்கு ஆனந்தக் கண்ணீர்! இதோ கெளம்பிட்டான்! போனதும் பிள்ளைய அள்ளிக் கட்டிக்குவான்!"

கொட்டகையே கைதட்டியது.

மேரிராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. வகுப்பில் எவளாவது பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் அவள். இங்கே ஒரு ஆள் நானூறு பேரை உட்கார வைத்துக்கொண்டு பொய் சொல்கிறான். அதற்குக் கைதட்டல் வேறு!

"யாருக்கும் கண்ணு தெரியலையா? அந்தக் குட்டி செத்து..."

முடிக்க விடவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் கிளம்பியது. "உக்காரும்மா!" "போட்றா மெயின் படத்த!" என்று ஒரே கூச்சல். அவள் குரலை உயர்த்த உயர்த்த, விசிலும் உயர்ந்தது. அவளிடம் படிக்கும் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்துக்கொண்டே "ஓ" என்று கத்தினார்கள்.

மேரிராணி விடுவிடுவென்று வெளியே வந்தாள். அந்த ராஜப்பனை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை.

பின்னாலேயே ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா. புளி மண்டியில் வேலை செய்கிறவள்.

"வேணாங்க டீச்சரம்மா. வீட்டுக்குப் போங்க."

"கையை விடுங்க! அது கல்லறைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்னங்க? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"தெரிஞ்சுமா கைதட்டினீங்க? ஏமாத்தறவனுக்கு ஊரே ஒத்து ஊதுறீங்களா? வெட்கமா இல்ல?"

வெள்ளையம்மா கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒரே பையன். பம்பாய் லாரியில கிளீனரா போனான். போன மழையில பாலத்துல இருந்து லாரி ஆத்துல கவுந்துடுச்சு. டிரைவர் உடம்பு கெடச்சுது. பையன் சட்டை மட்டுந்தான் கெடச்சுது. இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் ஒத்துக்கல. எங்கியோ கரையேறி இருக்கான், வந்துருவான்னு பெங்களூரு பஸ் ஒவ்வொண்ணா ஏறி இறங்கிப் பாக்கறாரு."

மேரிராணி கையை உதறுவதை நிறுத்தினாள்.

"புள்ள செத்துப்போச்சுன்னு அவரு வாயில வராதுங்க. கதைன்னாலும் வராது. நாங்களும் பன்னெண்டு வாரமா பயந்துகிட்டுதான் இருந்தோம், முடிவு என்னாவுமோன்னு."

"எனக்கு யாரும் சொல்லலையே..."

"சொல்ல எங்கம்மா நேரம் இருந்துச்சு? நீங்க பாட்டுக்கு எழுந்து கத்திட்டீங்க. உங்க சத்தம் அவரு காதுல விழக் கூடாதுன்னுதான் அத்தனை பேரும் விசிலடிச்சோம். எனக்கு விசிலடிக்கவும் வராது. தொண்டை கிழியக் கத்தினேன்."

அப்போதுதான் கவனித்தாள், வெள்ளையம்மாவின் குரல் கம்மிப் போயிருந்தது.

படுதாவை விலக்கிக்கொண்டு ராஜப்பன் வெளியே வந்தார். பீடி பற்ற வைக்கப் போனவர், மேரிராணியைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். மைக்கில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒடிசலான உடம்பு.

"டீச்சரம்மா, நீங்கதான் எழுந்து நின்னு ஏதோ சொன்னீங்களாம். ஒரே இரைச்சல், எனக்கு ஒண்ணும் காதுல விழல. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?"

வெள்ளையம்மா அவள் கையை இன்னும் விடவில்லை. பிடி இறுகியது.

"எனக்கு அரைகுறை இங்கிலீஷுங்க. கரடி கடைசியில ஏதோ சொல்லிச்சே... அது என்னங்க?"

கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேரிராணி அவர் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"தப்புதாண்ணே. பெரிய தப்பு. அடுத்த தீவு கண்ணுக்கு எட்டற தூரந்தான், என் பிள்ளை கரையில நிக்கறது இங்கிருந்தே தெரியுதுன்னு அந்தக் கரடி சொல்லிச்சு. அதைப் போய் விட்டுட்டீங்களேன்னுதான் கத்தினேன்."