மூன்றாவது கொட்டேஷன்

சமையலறை லைட் சுவிட்ச் ஷாக் அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வசுமதி அதை மரக்கரண்டியின் காம்பால்தான் தட்டுகிறாள். அலுவலகத்தில் கொள்முதல் பார்க்கும் அவள் கணவன் ஞானசேகரன், மூன்று எலக்ட்ரீஷியன்களிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்காமல் வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தான். இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்தவர் டெஸ்டரை வைத்துப் பார்த்த கையோடு பையைத் திறந்தார்.

"அஞ்சு நிமிஷ வேலைம்மா. இப்பவே மாத்திடறேன்."

"மாத்த வேணாம், எழுதி மட்டும் குடுங்க."

அவர் அவளையும் கரண்டியையும் பார்த்தார். "இதுக்கெல்லாம் யாரும்மா எழுதுவாங்க?" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மாலை மழையில் காலிங்பெல் அடித்ததும், கரண்டியால் சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து நின்ற ஞானசேகரன் முதலில் கேட்டது மூன்றாவது கொட்டேஷனைத்தான். இல்லை என்றதும், "அந்த ரெண்டும் போன மாசத்து ரேட்டு, செல்லாது. முதல்லேர்ந்து மூணும் வாங்கு" என்றபடி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனான்.

"ஒரே இருட்டா இருக்கு. இதுல லைட்டுக்கு எந்த சுவிட்ச்?"

வசுமதி கூடத்திலேயே நின்றாள். கரண்டி அவள் கையில் இருந்தது.