தாய்மாமனும் மைனஸ் ஒன்றும்

"எம் மருமக கல்யாணப் பத்திரிகையில எம் பேரு இல்லன்னா, நான் அங்கன எதுக்குவே வரணும்?"

அம்பலவாணன் பத்திரிகையை அச்சக மேஜையில் வீசிய வேகத்தில் கீபோர்டு அதிர்ந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். பத்திரிகையின் கடைசி வரி அவருக்கு உரியது. அந்த வரியைத்தான் காணோம். எழுநூறு பத்திரிகையும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

"மச்சான், பைய பேசுங்க," என்று கெஞ்சினார் பெண்ணின் அப்பா ஐயம்பெருமாள். தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் கல்யாணமே சந்தி சிரித்துவிடும்.

ஐயம்பெருமாளின் மனைவி அன்னத்தாய் மூக்கைச் சிந்தினாள். "பாழாப்போன கம்ப்யூட்டர்! எங்க அண்ணன் பேரையா முழுங்கணும்?"

மூவரும் ஜோஷுவாவை முறைத்தார்கள். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டரில் பத்திரிகை அடிக்கிறவன், தமிழ் எழுத்துக்குச் சொந்தமாக சி மொழியில் புரோகிராம் எழுதியவன் என்ற மிதப்பெல்லாம் அவனுக்கு இறங்கிப்போயிருந்தது.

"தப்பு எம்பேர்லதான் அண்ணாச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் உண்டு. உங்க பேருக்கு முந்துன எழுத்துக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு. அதைச் சின்ன டப்பாவுல வாங்கிட்டேன். அது நூத்தி இருவத்தேழுக்கு மேல தாங்காது. மைனஸ் ஒண்ணுன்னு காட்டிட்டு. மைனஸ் ஒண்ணுன்னா எல்லாம் முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். அதோட அச்சடிக்கத நிறுத்திட்டு."

"இருநூத்தி அம்பத்தஞ்சு எப்படிலே மைனஸ் ஒண்ணாவும்?"

"இன்ட்ங்கிற பெரிய டப்பாவை எழுத வேண்டிய இடத்துல, கேரக்டர்ங்கிற சின்ன டப்பாவை எழுதிட்டா ஆயிரும்."

அம்பலவாணனுக்கு ஒரு இழவும் புரியவில்லை. புரியாததாலேயே நம்பிவிட்டார்.

"அப்ப மனுசன் பண்ணல, மெஷின் பண்ணிருக்கு. மெஷின்கிட்ட என்னவே ரோஷம்? ஏலே, மொதல்ல ஒன் கேரக்டரச் சரி பண்ணு!"

"நாளைக்கே வேற அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி."

அம்பலவாணனும் ஐயம்பெருமாளும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். அன்னத்தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம்," என்றான் ஜோஷுவா. "அந்தத் தப்பை நான் திருத்தி ஆறு மாசமாச்சு. கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னுதான் பழியை ஏத்துக்கிட்டேன்."

இழுப்பறையிலிருந்து புரூஃப் தாளை எடுத்து நீட்டினான். தாய்மாமன் வரியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருந்தாள் அன்னத்தாய்.

அவள் அதை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போன வருசம் எங்க அண்ணன் மக கல்யாணப் பத்திரிகையில, அத்தைன்னு எம் பேரைப் போட்டாவளா தம்பி?"