யூதாஸ் வேஷத்துக்குத் தாயம்

"கட்டை பாயை விட்டு வெளிய போச்சு. செல்லாது. மறுபடி உருட்டு" என்றார் அண்ணாவி ஜேசுபாதம்.

உருட்டிய சிலுவைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆறு விழுந்திருக்கு அண்ணாவியாரே. போன வருசம் வில்பிரட் உருட்டுனது வாசப்படி வரைக்கும் ஓடுச்சு. அது மட்டும் எப்படிச் செல்லுச்சு?"

"அது உருண்டு போச்சு. இது துள்ளிப் போச்சு."

என்ன சட்டமோ, அந்தக் கட்டைக்கே வெளிச்சம். பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம். மற்ற வேஷங்களுக்கெல்லாம் அடிபிடியாக இருக்கும். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மட்டும் ஒருத்தனும் வரமாட்டான். வந்தால் வருஷம் முழுக்கத் தெருவில் அதுதான் பெயர். அதனால் நாடகம் பழக்கும் ஜேசுபாதம் தன் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, மிஞ்சி நிற்கிற இரண்டு பேரைத் தாயக்கட்டை உருட்ட வைப்பார். குறைந்த எண் போட்டவன் யூதாஸ். சட்டம் அவ்வளவுதான் என்பார். கட்டை உருள உருள அவருடைய சட்டமும் கூடவே உருளும். மூன்று வருஷமாக யூதாஸ் சிலுவைதான்.

"இந்த வருசம் என்னால முடியாது" என்றான் சிலுவை. புது ஹார்பரில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன், கட்டையைத் தொடவே இல்லை. "திருநாள் முடிஞ்ச மறுவாரம் மணப்பாட்டுல பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணோட அப்பா நாடகம் பாக்க வாராராம். போன வருசம் புன்னைக்காயல்ல சம்மதம் சொன்ன பொண்ணு வீட்டாரு, நாடகத்தப் பாத்துட்டு, முப்பது காசு வாங்கினவனுக்கா பொண்ணுன்னு எந்திச்சுப் போயிட்டாவ. என்னைய இராயப்பரா நிறுத்துங்க. ஆண்டவரத் தெரியாதுன்னு மூணு தரம் மறுதலிக்கேன். சேவல் வேணும்னாலும் நானே கூவுதேன்."

"முதல்ல உருட்டுலே."

சிலுவை உருட்டினான். நாலு.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை பார்க்கும் வில்பிரட் தன் பெல்பாட்டத்தைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உருட்டினான். தாயம்.

"ஒண்ணு. அவந்தான் யூதாசு" என்று சிலுவை எழுந்தேவிட்டான்.

"இருலே. தாயம் போட்டவனுக்கு இன்னொரு உருட்டு உண்டு."

"போன வருசம் நான் தாயம் போட்டப்ப, ஒண்ணுன்னா ஒண்ணுதான்னு சொன்னியளே."

"போன வருசம் போன வருசத்தோட போச்சு."

வில்பிரட்டுக்கு மூன்று விழுந்தது. முன்னதையும் கூட்டி நாலு, சமம் என்றார் அண்ணாவி. இரண்டு பேரும் மறுபடி உருட்ட வேண்டியதாயிற்று. வில்பிரட்டுக்கு ஐந்து. சிலுவை நெற்றியில் குருசு வரைந்துகொண்டு உருட்டினான். இரண்டு கட்டையிலும் மொட்டைப் பக்கம் மேலே நின்றது.

"பன்னெண்டு" என்றான் சிலுவை. உயிர் வந்தது அவனுக்கு.

அண்ணாவி குனிந்து பார்த்தார். "ஒரு புள்ளிகூட இல்ல. புள்ளி இல்லாட்டா எண் ஏது?"

"அது பன்னெண்டுதான் அண்ணாவியாரே" என்று வில்பிரட்டே சொல்லிவிட்டான். அவனுக்கே கூசியது.

"நீ சும்மா கெடலே. பன்னெண்டுங்கது தாயம் விளையாடும்போது. இங்கன நாம விளையாடவா செய்யுதோம்? சிலுவைதான் யூதாசு. இஷ்டம் இல்லன்னா நாடகம் கிடையாதுன்னு அவனே போய் பங்குச் சாமியார்ட்ட சொல்லிரட்டும்."

ஊர் நாடகம் தன்னால் நின்றது என்ற பேச்சைக் கேட்கச் சிலுவை தயாராக இல்லை. "உங்க சட்டத்துல இடி விழ" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாயோரம் கிடந்த யூதாசின் காசுப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். வில்பிரட்டும் மெல்ல நழுவினான்.

கருப்பட்டிக் காப்பியோடு வந்த அண்ணாவியின் மனைவி பிலோமினா டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"நல்லா இருக்கா நீங்க செய்யுதது? ஒரு குடி உண்டா, ஒரு சீட்டாட்டம் உண்டா அந்தப் பயலுக்கு. ஆத்தாளத் தாங்கு தாங்குன்னு தாங்குதான். அவனப் போயி வருசா வருசம் யூதாசாக்கி, எவனும் பொண்ணு குடுக்காமப் பண்ணுதியளே. உங்களுக்கு அவன் என்ன பாவம் செஞ்சான்?"

ஜேசுபாதம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏளா, சத்தம் போடாத. நம்ம மக மரியசெல்வி டீச்சர் டிரெய்னிங் முடிச்சுட்டு வர இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் இந்த மாப்பிள்ளைய வேற எவனும் கொத்திட்டுப் போயிரப்பிடாதுல்லா?"