டிரைவர் வாக்கு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே கால். முதலாளி தொழுகைக்குப் போன மறு நிமிஷம், ராக்கப்பன் லாரியின் ஏர் பில்டருக்குள் ஒரு சாக்குத் துண்டைத் திணித்தான்.

இனி இஞ்சினுக்கு மூச்சு முட்டும். கரும்புகை தள்ளும். பதினோரு வருஷமாக அவன் ஓட்டிய வண்டி. மூடியைத் திருகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

முதலாளி ஜமால் முகமதுக்கு ராஜபாளையத்தில் இருந்தது இந்த ஒரு லாரிதான். அதை விற்றுவிட்டு மேலப்பாளையத்தில் மகள் வீட்டோடு போகிறார். வாங்குகிற ஆள் இன்று வருவார், வண்டியைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வண்டி போனால் வேலையும் போகும். நாற்பத்தாறு வயது டிரைவரை எந்த ஷெட்டிலும் புதிதாகச் சேர்ப்பதில்லை. வண்டி விலைபோகாமல் நிற்கிறவரை, பஞ்சுப் பொதி ஏற்றிக் கோயம்புத்தூர் ஓடலாம்.

வந்தவர் சாத்தூர்க்காரர். ஞானதுரை என்று பேர். பழைய டிரைவர். வந்ததும் டயரைத்தான் தட்டினார்.

"நீருதான் ஓட்டுறதா?"

"ஆமாண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. ஓனரக் கேட்டா தங்கம்பான். டிரைவர் சொன்னாத்தான் வண்டி."

அங்கே வழக்கம் அதுதான். பழைய லாரி வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைவிட டிரைவரின் வாயைத்தான் நம்பினார்கள்.

ஞானதுரை சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். "நான் வாங்கலப்பா. வாங்குற வீட்டுல எழுதிக் குடுத்திருக்காவ. ஒண்ணு விடாமக் கேக்கணுமாம். லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும்?"

நாலரை கிலோமீட்டர் கொடுக்கும். "மூணு தாண்டாது," என்றான் ராக்கப்பன்.

"ஆயிலு குடிக்குமா?"

"நம்மள்லாம் டீ குடிக்கிற மாதிரி குடிக்கும்."

ஞானதுரை சிரித்தார். எப்.சி. எப்போது, பெர்மிட் எதுவரை, டயரில் எத்தனை ரீட்ரேடு என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு சோழபுரம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். பின்னால் சைக்கிளில் வந்தவன் புகைக்குள்ளிருந்து கத்தினான். "ஏலே, அது லாரியா, செங்கச் சூளையா?"

"புகை ஒண்ணும் பெரிசில்ல," என்றார் ஞானதுரை. "பம்பைச் சர்வீஸ் பண்ணுனாச் சரியாப் போகும். வண்டி நல்லாத்தான் இருக்கு."

ராக்கப்பன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணாச்சி, வாங்குறவுகளுக்கு டிரைவர் வேணுமா?"

"அவிய வீட்டுலயே ஆளு இருக்கு. அதுக்காகத்தான லாரியே வாங்குறாவ."

ஷெட்டுக்கு வந்ததும் ராக்கப்பன் அவரை வண்டிக்கடியில் குனியச் சொன்னான்.

"நான் சொன்னேன்னு வெளிய விட்றாதீக. கயத்தாறு பக்கம் கவுந்த வண்டி. சேசிஸ் ரெண்டாப் போச்சு. இரும்புப் பட்டை வச்சுப் பத்தவச்சிருக்கு, பாருங்க."

பட்டை இருந்தது. கூடுதல் பாரம் தாங்குவதற்காக, வண்டி வாங்கிய வருஷமே அடித்த பட்டை.

ஞானதுரை அதைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "நல்ல காலம். நெலத்த வித்து வாங்க இருந்தாவ. நீரு புண்ணியம் கட்டிக்கிட்டீரு."

தாளில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. "கேட்டுத் தொலைக்கேன். டிரைவர் சீட்டு எப்படி? ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்பு வலிக்குமா?"

லாரி பார்க்க வந்த யாரும் அதைக் கேட்டு ராக்கப்பன் பார்த்ததில்லை.

"வலிக்கும்," என்றான். வண்டியைப் பற்றி அன்று அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஞானதுரை தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ராக்கப்பன் சாக்குத் துண்டை உருவி எறிந்தான்.

தொழுகை முடிந்து வந்த ஜமால் முகமது, "என்னப்பா, ஒத்து வரலையாமா?" என்றார். "நீ நல்லபடியாத்தான சொல்லியிருப்ப?"

"ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு மொதலாளி."

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி பெத்தம்மாள் எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். லோடு இல்லாத நாளெல்லாம் அவன் இடுப்புக்கு அவள் செய்கிற வைத்தியம். கவிழ்ந்து படுத்தான். அவள் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொன்னா ஏசக்கூடாது."

"சொல்லுட்டி."

"புதுப்பட்டி நெலத்துல எம் பங்க வித்துத் தாரேன்னு அண்ணன் ஒத்துக்கிட்டாக. முன்னாடியே சொன்னா, மாமனார் வீட்டுச் சொத்து வேணாம்பீக. அதான் ஒங்க மொதலாளிக்கும் சொல்லல. பாக்க வந்தவருகிட்டயும் ஒங்க பேரச் சொல்லல."

அவன் முதுகு விறைத்தது. வலிக்கிறது என்று நினைத்து அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"அவரு சொல்றதுதான் எங்கண்ணனுக்கு முடிவு. ஞானதுரை அண்ணாச்சி நம்ம வண்டியப் பாத்துட்டு என்னங்க சொன்னாரு?"