சவுரிமுத்து நிறுத்தும் இடம்

"உங்களுக்கு மூச்சு ப்ராப்ளம் இருக்காமே?" என்று பம்பாய்க்காரர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த காபி டம்ளரை அவர் முன்னால் வைப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று ஆகிவிட்டது.

பேர் சத்தியநாதன். பம்பாயில் பெரிய ஓட்டல் ஒன்றில் ஜாஸ் கோஷ்டி நடத்துகிறார். சாக்ஸபோன் வாசிக்க ஆள் தேடி, எண்பத்தாறாம் வருஷ ஈஸ்டர் முடிந்த கையோடு, பல்லாவரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கே வந்திருந்தார்.

கேட்டது என் வீட்டுக்காரர் சவுரிமுத்துவை. அவர் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அலட்டிக்கொள்கிற ஆளே இல்லை.

மவுண்ட்டிலிருந்து தாம்பரம் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாண ரிசப்ஷனோ, கிறிஸ்துமஸ் டான்ஸோ, சவுரி வாசிக்கிறார் என்றால் கூட்டம் தனி. பாட்டு உச்சத்தில் போகும்போது டக்கென்று நிறுத்துவார். விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் வராது. அப்புறம், விட்ட இடத்தில் இல்லை, பாட்டு இந்நேரம் எங்கே போயிருக்குமோ அந்த இடத்தில் வந்து பிடிப்பார். விசில் பறக்கும்.

இப்போது இந்தப் பக்கம் சாக்ஸபோன் பிடிக்கிற பயல்கள் எல்லாம் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்திவிட்டு, எங்கே திரும்ப ஏறுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிறார்கள். ஈயடிச்சான் காப்பி!

அவர்களில் எவனோதான் பம்பாய்க்காரர் காதில் போட்டிருக்கிறான். சவுரிக்கு நுரையீரல் போச்சு, அதனால்தான் நடுவில் நிற்கிறது, தினம் சாயங்காலம் சானடோரியம் டி.பி. ஆஸ்பத்திரி வாசலில் ஆளைப் பார்க்கலாம் என்று.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது வாஸ்தவம். நான் அங்கே சமையற்கட்டில் வேலை செய்கிறேன்.

"கட்ன பொண்டாட்டிய சைக்கிள்ல இட்டுனு போக வந்தா டி.பி.யா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

வாய்தான் கேட்டது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். நாலு படி ஏறுவதற்குள் நின்றுவிடுகிற ஆம்பிளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான். இவர் நடுவில் நிறுத்தும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம்தான் வரும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல வாய் வராது. எடுத்து, ஏதாவது இருந்துவிட்டால்?

"தினம் மணிக்கணக்கா வாசிக்கணும்மா. பாதியில ஆள் படுத்துட்டா நான் என்ன பண்றது?" என்றார் சத்தியநாதன்.

சவுரிமுத்து எழுந்து சாக்ஸபோனை வாயில் வைத்தார்.

அடேயப்பா, என்ன வாசிப்பு! அக்கம்பக்கம் ஜன்னலில் கூடிவிட்டது. சத்தியநாதனின் கால் தானாகத் தாளம் போட்டது. இவர் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டே மேலே போனார், இன்னும் மேலே போனார்.

நிறுத்திவிட்டார்.

சத்தியநாதனின் முகம் தொங்கிப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் முடில சார், கொஞ்சம் உக்…" என்று ஆரம்பித்த நானும் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் வந்தது. எங்கள் கூரையையே உரசுகிற மாதிரி, மீனம்பாக்கத்தில் இறங்குகிற பிளேன். சிமென்ட் ஷீட் அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் குலுங்கின. சத்தியநாதன் காதைப் பொத்திக்கொண்டார்.

ஜன்னலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பாதிப் பேச்சில் நின்றிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். வெளியாளுக்குக் கேட்பதற்கு முன்பே எங்களுக்குக் கேட்டுவிடும். பழகிப்போனதில், நிறுத்துகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

சவுரிமுத்துவின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

சத்தம் தேய்ந்தது. பாட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் சாக்ஸபோன் சரியாக வந்து ஏறியது.

"…காருங்க," என்றேன் நான்.

சத்தியநாதன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, இப்போது நான் வேலைக்குப் போன பிறகும், இந்த மனுஷன் பகலெல்லாம் பிராக்டிஸ் பண்ணுவது இந்தக் கூரைக்குக் கீழேதானே? பழக்கம் பாட்டுக்குள்ளேயே புகுந்துகொண்டது, பிளேன் இல்லாவிட்டாலும் மண்டபத்தில் நிற்கிறது. மாதாவே, நெஞ்சில் ஒன்றுமில்லை!

அடுத்த நிமிஷம் கோபமும் வந்தது. ஏன் நிறுத்துகிறாய் என்று கல்யாணத்துக்கு முன்னால் கேட்டதற்கு, "அந்த கேப்புலதான் உன்ன நென்ச்சுக்கினு கீறேன் தனம்" என்று சொன்ன வாய் அது. அதில் விழுந்தவள்தான் நான். படுபாவி!

"ஒண்ணாந்தேதி வந்து சேருங்க," என்றார் சத்தியநாதன். "ஓட்டல்லயே ரூம் தரேன். ஏ.சி. ரூம். வெளியிலேர்ந்து ஒரு சத்தம் உள்ள வராது."

சவுரிமுத்து கலவரப்பட்டதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"ரூம்பு வோணா சார். அங்க ஏர்போர்ட்டாண்ட எதுனா வூடு கெடைக்குமா?"