சாப்பிட்டாச்சா?

இரண்டு காசுகளும் தட்டில் தலையாக விழுந்தன.

"இன்னும் சாப்பிட்டு முடிக்கலையாம் அக்கா" என்றாள் ஹுயி-சென். அவள் குரலில் அவசரமே இல்லை.

ஷியூ-லுவான் தட்டை எட்டிப் பார்த்தாள். அந்தக் காசுகள் அப்படி விழவே முடியாது.

அவளுடைய தம்பி யாவ்டோங் இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் வரை அவன் படத்துக்கு முன்னால் இரண்டு வேளையும் சோறு வைக்க வேண்டும். ஊதுவத்தி பாதி எரிந்ததும், சாப்பிட்டாச்சா என்று கேட்டு இரண்டு பத்து யுவான் காசுகளைத் தட்டில் போட வேண்டும். ஒன்று தலையாகவும் ஒன்று எண் பொறித்த பத்தாகவும் விழுந்தால் ஆச்சு என்று அர்த்தம். கிண்ணத்தை எடுத்துவிடலாம். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் இல்லை. காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும்.

உயிரோடு இருந்தபோதே அவன் ஆற அமரச் சாப்பிடுகிறவன். செத்த பிறகு கேட்கவே வேண்டாம். சில நாள் பத்துத் தடவை போட்டாலும் இல்லை என்றே வரும். அவன் மனைவி ஹுயி-சென் படம் வைத்த அந்த மேஜைக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்துகிடப்பாள். தன் புருஷனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பவும் மாட்டாள், தானும் எழுந்திருக்க மாட்டாள்.

பார்க்கச் சகிக்காமல்தான் ஷியூ-லுவான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தம்பியின் லேத் பட்டறையில் கூன் என்றொரு பழைய ஆள் இருக்கிறார். எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று கேட்காத மனிதர். அவரிடம் சொல்லிக் காசுகளைப் பாதிக் கனமாக அரைத்து, பக்கம் மாற்றி ஒட்ட வைத்தாள். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் தலை. இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் பத்து. எப்படி வீசினாலும் ஆச்சு என்று மட்டும்தான் சொல்லும்.

போன வாரம் யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தாள். அதிலிருந்து தம்பி நல்ல பிள்ளையாக முதல் தடவையிலேயே சாப்பிட்டு முடித்தான்.

இன்று மட்டும் இரண்டும் தலை.

ஹுயி-சென் மறுபடி போட்டாள். இரண்டும் தலை.

"முட்டையில முள்ளங்கி வத்தல் கம்மியா போயிடுச்சாங்க?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போட்டாள்.

இரண்டும் தலை.

ஜன்னலுக்கு வெளியே நல்ல மத்தியான வெயில் அடித்தது. எதிர்வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். ஊதுவத்தியின் சாம்பல் உதிராமல் வளைந்து, கிண்ணத்தின் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

படத்தில் யாவ்டோங் எப்போதும்போல லேசாக வாயைத் திறந்திருந்தான். சின்ன வயதில், அக்கா வராமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும்போதும் அதே வாய்தான்.

அந்த நினைப்பு வந்ததும் ஷியூ-லுவான் மேஜையருகே வந்தாள்.

இருபத்தாறு நாளாக அவள் எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்கு ஆள் பார்த்தாள், விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றினாள், ஹுயி-சென்னுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இங்கே கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்பாள். வீட்டில் கேட்டால் ஹுயி-சென்னோடு சாப்பிட்டேன் என்பாள். இரண்டு இடத்திலும் நம்பிவிட்டார்கள். பாவாடையை இப்போது ஊசி குத்தித்தான் இடுப்பில் நிறுத்துகிறாள்.

"கொடு, நான் கேக்குறேன்" என்று காசுகளை வாங்கினாள்.

ஹுயி-சென்னுக்குக் கேட்காதபடி, உதடு மட்டும் அசையக் கேட்டாள்: "நான் சாப்பிடலைன்னுதான் நீ உக்காந்திருக்கியாடா?"

போட்டாள்.

ஒன்று சட்டென்று படுத்தது. மற்றது விளிம்பில் வெகுநேரம் சுற்றியது. பிறகு அதுவும் படுத்தது.

ஒன்று தலை. ஒன்று பத்து.

அவளுடைய காசு அதைத்தானே சொல்லும் என்று புத்தி சொன்னது. கை அதைக் கேட்கவில்லை. பானையிலிருந்து ஒரு கிண்ணம் சோறு எடுத்துவந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் வாயை மென்று விழுங்கினாள். இரண்டாவது வாயில் அழுகை வந்துவிட்டது. மூக்கும் கண்ணும் ஒழுக, துடைக்காமல், பசித்தவளாகச் சாப்பிட்டாள். தம்பி போன துக்கம் அன்றைக்குத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

ஹுயி-சென் அவளைத் தேற்ற வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, முகம் வெளுத்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் கடைசியில். "உங்க காசை நான் ஞாயித்துக்கிழமை துடைக்கும்போதே பாத்துட்டேன். இன்னைக்குக் காலையிலதான் அதை எடுத்து அலமாரியில வச்சேன்."

ஷியூ-லுவானின் கை பாதியில் நின்றது.

"இது நான் கூன் அண்ணன்கிட்ட செய்யச் சொன்னது. ரெண்டு காசுக்கும் ரெண்டு பக்கமும் தலைதான். இல்லைன்னு மட்டும்தான் சொல்லும்."

"எதுக்குடி?"

"சாப்பிட்டு முடிச்சா எழுந்து போயிடுவாரே."

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். தலைக்குப் பக்கத்தில் அந்தப் பத்து அப்படியே கிடந்தது.

காசைப் புரட்டிப் பார்க்க ஷியூ-லுவான் கையை நீட்டினாள். ஹுயி-சென் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகக் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

"மொதல்ல சாப்பிட்டு முடிங்க அக்கா. காத்துட்டு இருக்காரு."