அடுப்படிக்குப் பூட்டு

“ஒரு சமுதாயத்தோட நாகரிகமே அடுப்படியிலதாம்மா பிறக்குது!” என்று முழங்கிய உணவுப் பாதுகாப்பு அதிகாரி, அடுத்த வரிக்குப் போகாமல், “கழிவறை எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

வந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

முந்தாநாள் அவருடைய அலுவலகத்தில் பண்டிகை விருந்து. சமைத்து அனுப்பியவள், இந்தச் சமையல்கூடத்தை நடத்தும் இவள். சாப்பிட்ட இருபத்திரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் படுத்துவிட்டார்கள்.

அதிகாரி வெளிறிப்போய்த் திரும்பி வந்தார். “பச்சைக் கோழி வெட்டின கத்தியாலயே காய் நறுக்குனியா?”

“ரெண்டுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிப் பலகை சார்.”

“கை கழுவுனியா?”

“கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சுபோச்சு சார்.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அப்புறம் எப்படி அத்தனை பேருக்கும் வயித்தால போகுது?”

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. அரிசி களைந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டாள். எலும்போரத்துச் சிவப்பு போகும்வரை கோழியை வேகவைத்தாள். கொதிக்கக் கொதிக்க வண்டியில் ஏற்றினாள். இருபது வருடமாக நம்பிய கைகளை இரண்டு நாளாக யாரோ எவரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கல்லாம் எத்தனை மணிக்கு சார் சாப்பிட்டீங்க?”

“கேள்வி கேக்கறது நான். அடுப்படிக்குச் சீல் வெக்கணும், இதுல கையெழுத்துப் போடு.”

“சீசன் சார். இந்த ஒரு மாசம் இங்க அடுப்பு எரிஞ்சாதான் மிச்ச மாசம் என் வீட்டுல உலை கொதிக்கும்.”

“ஜனங்க உயிரோட விளையாடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

‘தவறு என்னுடையதே’ என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டாள். இடும்போது அதை அவளே நம்பினாள்.

கதவு பூட்டப்பட்டது. அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். பூட்டில் அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்த அவருடைய குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, சாப்பாடு பதினொரு மணிக்கே சுடச்சுட வந்துடுச்சு. ஐயா பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னுட்டாரு. நாலு மணி ஆயிடுச்சு.”

“அதை எழுதிக் குடு தம்பி!”

“எனக்கு வேலை வேணாமாக்கா?”

அவள் பூட்டையே பார்த்தாள். “அஞ்சு மணி நேரம் அப்படி என்னத்தப் பேசினாரு?”

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

“சமைச்ச சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்கக் கூடாதுன்னு.”